பூட்டிய பள்ளியில் ஓர் இரவு

தெரிந்தவர் வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் இருக்கிறாள். அண்மையில் அவள் பள்ளியிலிருந்து ஒரு சம்மதக் கடிதம் கொண்டுவந்தாள். மலையடிவாரத்தில் இரண்டு பகல், ஓர் இரவு. பறவை பார்ப்பது, வானம் பார்ப்பது, தாங்களே சமைத்துச் சாப்பிடுவது. உடன் நான்கு ஆசிரியர்கள். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி அங்கேயேவா தங்கணும்?"

கையெழுத்து விழவில்லை.

இதே அப்பா போன வருடம் வேறொரு கடிதத்தில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டவர்தான். அது பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஒரு நாள் சுற்றுலா. விடியற்காலை மூன்று மணிக்குப் பேருந்து புறப்பட்டது. திரும்பி வந்து சேர்ந்தபோது நடுநிசி தாண்டி ஒன்றரை மணி. ஓட்டுநர் ஒரே ஆள். பிள்ளைகள் ஆட்டமும் பாட்டுமாகப் போய், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கி வந்தார்கள். "ஒரே நாள்ல போயிட்டு வந்துட்டா நிம்மதி" என்றார் அப்பா. அந்த ஒரு நாளுக்குள் இரண்டு அரை இரவுகள் நெடுஞ்சாலையில் கழிந்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பிள்ளைகள் ஓரிடத்தில் படுத்து எழும் இரவுக்கு அஞ்சுகிறோம். ஓடும் பேருந்தில் கழிக்கும் இரவுக்குச் சம்மதிக்கிறோம். பள்ளிகளுக்கும் இதுவே வசதி. தங்கல் என்றால் இடம், கழிப்பறை, சமையல், காவல் என்று ஆயிரம் பொறுப்பு. ஒரு நாள் சுற்றுலா என்றால் பேருந்துக்காரரிடம் பேசிவிட்டால் முடிந்தது. இப்படியாக, வகுப்புத் தோழர்களோடு வெட்டவெளியில் ஓர் இரவு தங்குவது என்ற அனுபவம் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

எனக்கு அது கிடைத்தது 1990-களின் நடுவில், சிவகங்கைச் சீமையில். காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம். எங்கள் வாயில் அது என்.எஸ்.எஸ். கேம்ப். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் அது; பின்னால் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஏழு நாள், ஐம்பது பையன்கள், ஒரு டிராக்டர் டிரெய்லர் நிறைய அண்டா, குண்டான், ஜமுக்காளம். தங்கியது ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். விடுமுறைக்குப் பூட்டியிருந்த வகுப்பறையைத் திறந்து, குட்டிப் பெஞ்சுகளை வெளியே தள்ளிவிட்டுப் படுக்கையை விரித்தோம். கரும்பலகையில் மூன்றாம் வாய்ப்பாடு பாதியில் நின்றிருந்தது. ஏழு நாளும் அதை யாரும் அழிக்கவில்லை.

சேவை என்று நாங்கள் செய்ததைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. கண்மாய்க்குள் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை வெட்டினோம், வரத்துக்காலைத் தூர்வாரினோம். ஐம்பது பேர் ஏழு நாள் செய்த வேலையை ஒரு பொக்லைன் அரை நாளில் முடித்திருக்கும். முதல் நாளே வகுப்பின் முதல் ரேங்க் மாணவன் அரிவாளைப் பிடிக்கத் தெரியாமல் கையைக் கொப்புளமாக்கிக்கொண்டான். சாயங்காலம் அவன் பாதத்தில் கருவேல முள் ஏறி ஒடிந்துவிட்டது. அதை எருக்கம்பால் வைத்து, ஊக்கை நெருப்பில் காட்டி, வலிக்காமல் எடுத்தவன் கடைசி பெஞ்சுக்காரன். ஆங்கிலத்தில் ஒற்றை இலக்க மதிப்பெண். முதல் பீரியடிலேயே தூங்கி விழுவான். சாக்பீஸ் துண்டு அவன் தலையைத் தாக்காத நாள் குறைவு. நாங்கள் சிரிக்காத நாளும் குறைவு.

இரண்டாம் நாள் ராத்திரி இடியோடு மழை. மின்சாரம் போனது. ஓட்டுக்கூரை நாலைந்து இடத்தில் ஒழுக, ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். தூக்கம் வராத இருட்டில் பேச்சு எங்கெங்கோ போனது. பேய்க்கதை, சினிமா, யாருக்கு யாரைப் பிடிக்கும் என்கிற ரகசியம் எல்லாம் தீர்ந்தபின், "ஏன்டா நீ மட்டும் எப்பப் பாத்தாலும் கிளாஸ்ல தூங்குற?" என்று எவனோ கேட்டான். கடைசி பெஞ்சுக்காரன் சாதாரணமாகத்தான் சொன்னான். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பேருந்து நிலையத்துப் பரோட்டாக் கடையில் ராத்திரி ஒன்றரை மணி வரை வேலை. அதற்கப்புறம் கல்லைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

யாரும் பேசவில்லை. ஒழுகிற இடத்தில் வைத்த குண்டானில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது.

ஆறாம் நாள் எங்கள் சார் கைக்காசு போட்டு மைதா மாவு வாங்கி வந்தார். ஐம்பது பேருக்கும் அவன்தான் பரோட்டா வீசினான். மாவு காற்றில் விரிந்து விழுவதை முதல் ரேங்க் மாணவன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வருடம் ஒரே வகுப்பில் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். பள்ளிக்கூடத்தின் பகல் அவனைப் பற்றி எங்களுக்குச் சொன்னதெல்லாம் அவன் மதிப்பெண் மட்டும்தான்.

அந்த முகாமில் எனக்கு வெகுநாள் கழித்துப் புரிந்த இன்னொன்றும் உண்டு. சமையல் முறை வைத்து நடந்தது. முதல் இரண்டு நாள் ஒரு பையன் வயிற்று வலி என்று சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கையும் டீக்கடை பன்னையும் தின்றே ஓட்டினான். மூன்றாம் நாள் கண்மாய் வேலை முடிந்து வந்த பசியில் தட்டோடு வரிசையில் வந்து நின்றான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று ரசத்துக்குப் புளி கரைத்தவன் யார் மகன், அண்டாவில் கரண்டி போட்டவன் எந்தத் தெரு என்ற கணக்கு அவன் வீட்டில் சொல்லி அனுப்பப்பட்டிருந்தது என்பது பின்னால்தான் விளங்கியது. ஊர் டீக்கடையிலும் அதே கணக்குதான் ஓடியது. பெரியவர் ஒருவர் எங்களை ஒவ்வொருவராக நிறுத்தி, "தம்பி எந்தூரு? எந்தத் தெரு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சார் வேகமாக வந்தார். "எல்லாம் நம்ம பள்ளிக்கூடத்துப் பயலுகதான்யா, டீயப் போடச் சொல்லுங்க" என்றார். விசாரணை அத்தோடு முடிந்தது.

ஏழு நாளில் சாதி போய்விட்டது என்று சொன்னால் அது பொய். முறுக்குப் பையன் ஊர் திரும்பியதும் பழையபடியே ஆகிவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஐந்து நாள் ஒரே அண்டாச் சோற்றைத் தின்றான். அதை அவனாலும் மறுக்க முடியாது.

பிள்ளைகள் சேர்ந்து உண்பது தமிழ்நாட்டில் சின்ன விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போட்ட விவகாரம் 1924-25-இல் தமிழகக் காங்கிரஸையே உலுக்கியது. பெரியார் அந்தக் கட்சியை விட்டு வெளியேறிய கதையில் அந்தப் பந்திக்கும் பங்குண்டு. அதே நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில், ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதற்குத் தடை என்ற பரிந்துரை பரபரப்பாகப் பேசப்பட்டது. கயிற்றை அறுப்பது தேவைதான். அறுத்தபின் அந்தக் கைகளுக்கு ஒரே அண்டாவைத் தூக்குகிற வேலை ஒன்றையும் கொடுக்க வேண்டாமா? தேர்வறையில் பக்கத்துப் பையன் போட்டியாளன். மைதானத்தில் எதிரணிக்காரன். அவனில்லாமல் இரவுச் சாப்பாடு கிடைக்காது என்ற நிலைமையைப் பள்ளிக்கூடத்துப் பகல் ஒருபோதும் உண்டாக்குவதில்லை.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் முகாமின் சூட்சுமமும் இதுவே. ஏறக்குறைய இருபது பையன்கள்தான். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் வேண்டுமென்றே கலந்து கூடாரம் போட வைத்தார். (அந்த இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது இந்தியப் பையன்களுக்கு இடமில்லை என்றார்கள். சென்னையில் அன்னி பெசன்ட் நம் பிள்ளைகளுக்கென்று தனி இயக்கம் தொடங்க வேண்டியதாயிற்று. கலப்பது யாரை யாரோடு என்பதற்கும் ஓர் எல்லை வைத்திருந்தார்கள்.)

சரி, பயத்துக்கு வருவோம். பெற்றோரின் பயத்தைக் கேலி செய்யும் உரிமை எனக்கில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில்தான் என் வழக்கு.

2022 அக்டோபர் 5 இரவு, கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலிருந்து ஊட்டிக்கு மாணவர்களை ஏற்றி வந்த சுற்றுலாப் பேருந்து, வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஐந்து பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். 2023 பிப்ரவரியில் விளையாட்டுப் போட்டிக்குப் போன புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவியர் நால்வர் கரூர் மாயனூரில் காவிரியில் மூழ்கிப் போனார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து பன்னிரண்டு பள்ளிக் குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தனர். இவற்றில் எதுவும் தங்கிய இடத்தில் நடக்கவில்லை. சாலை, தண்ணீர், இவை இரண்டும்தான் எமன். மேலே சொன்ன வ.வே.சு. ஐயரின் முடிவும் தண்ணீரில்தான். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்தவர் திரும்பவில்லை. பிள்ளைகளோடு வெளியே போகிற எந்த ஆசிரியரும் ஆற்றைப் பார்த்ததும் முதலில் எண்ண வேண்டியது தலைகளை.

ஆனால் பெண் பிள்ளையைப் பெற்றவர்களின் மனதில் ஓடுவது வேறு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் போலி முகாம் நடந்தது. பள்ளி அரங்கிலேயே தங்கவைக்கப்பட்ட மாணவியர் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அந்த முகாமுக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்றது தேசிய மாணவர் படை. முகாம் நடத்தியவர்கள் யார் என்று பள்ளி சரிபார்க்கவில்லை. இரவில் மாணவியரைக் கண்காணிக்க ஆசிரியர் யாரும் நியமிக்கப்படவில்லை என்று அப்போது காவல்துறையே சொன்னது. பிள்ளைகள் முறையிட்டபோது மூடி மறைக்கப் பார்த்தார்கள் என்று பள்ளி நிர்வாகத்தினர் மீதும் கைது நடவடிக்கை பாய்ந்தது.

இந்தச் செய்தியைப் படித்த தகப்பன் கையெழுத்துப் போடத் தயங்குவதில் என்ன தப்பு? ஆனால் இதை இன்னொரு முறை நிதானமாகப் படித்தால் தெரியும்: அந்தப் பிள்ளைகள் காட்டில் இல்லை. கூடாரத்தில் இல்லை. தினமும் போய் வந்த பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் இருந்தார்கள். அவர்களைக் காக்க வேண்டிய பெரியவர்கள்தான் அங்கே இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "ராத்திரி அங்கேயேவா தங்கணும்?" என்பதல்ல. "ராத்திரி கூட யார் இருக்கிறார்கள்? அவர்களை யாருக்குத் தெரியும்?" என்பது. இந்தக் கேள்விக்குப் பெயரும் தொலைபேசி எண்ணுமாகப் பதில் எழுதித் தராத எந்தப் பள்ளிக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இரவை முற்றாக அடைத்துவிடுவதால் இழப்பவர்கள் யாரென்றும் பார்க்க வேண்டும். பையன்கள் எப்படியோ திருவிழாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் இரவுக்காட்சிக்கும் போய் இரவைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இரவு என்பது ஜன்னலுக்கு அப்பால் இருக்கும் ஒன்று. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்களைக் கொண்ட ஓர் அமைப்பு, ஜனவரியில் தொடங்கும் முட்டையிடும் பருவத்தில் நள்ளிரவு முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காத்து வருகிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் அழைத்துப் போவார்கள். ஒருமுறை அந்த நடையில் இரண்டு பள்ளி மாணவியர் அம்மாக்களோடு வந்திருந்தார்கள். ஆமை மணலைத் தோண்டி நூற்றுக்கும் மேல் முட்டையிட்டு, மூடி, மணலைத் தட்டிச் சமன்செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும் வரை ஒரு வார்த்தை பேசாமல் குந்தியிருந்தார்கள். அப்புறம் ஒருத்தி சொன்னது ஆமையைப் பற்றியில்லை. "கடல் ராத்திரி இப்படிச் சத்தம் போடும்னு எனக்குத் தெரியாது" என்றாள். கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் வீடு. வயது பதினாறு.

இதற்குப் பெரிய செலவோ மலைவாசத் தலமோ வேண்டியதில்லை. ஜெர்மனியில் அல்டேனா என்ற ஊர்ப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் 1909 ஆகஸ்டில் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துப் போனார். வழியில் இடிமழை. ஒதுங்க இடமில்லை. விடுமுறைக்காகக் காலியாகக் கிடந்த ஒரு கிராமத்துப் பள்ளியில் வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார். அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடுமுறையில் எல்லா ஊர்ப் பள்ளியும் சும்மாதானே கிடக்கின்றன, நடந்து வரும் பிள்ளைகள் தங்க அவற்றைத் திறந்தால் என்ன என்று யோசித்தார். இன்று உலகமெங்கும் இருக்கும் இளைஞர் விடுதிகளின் மூலம் அந்த யோசனைதான். 1912-இல் அல்டேனாவின் கோட்டையிலேயே நிரந்தர விடுதி வந்தது. ஒரு வாத்தியார், ஒரு மழை, ஒரு காலிப் பள்ளி. ஜப்பானில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே மலையடிவார முகாமுக்குப் போய்ச் சோறாக்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, நெருப்பைச் சுற்றிப் பாடிவிட்டு வருகிறார்கள்.

நம்மிடமும் எல்லாம் இருக்கிறது. ஊர்தோறும் அரசுப் பள்ளி இருக்கிறது. காலாண்டு விடுமுறை இருக்கிறது. என்.எஸ்.எஸ். இருக்கிறது, ஆனால் ஓர் அணிக்கு ஐம்பது பேர் என்பதால் பள்ளியில் பெரும்பாலானவர்களுக்கு அது கிடைப்பதில்லை. அரசு நடத்தும் கோடை முகாம்களுக்கோ போட்டிகளில் தேர்ந்தவர்கள் போகிறார்கள். எந்தப் போட்டியிலும் தேராத பரோட்டாக் கடைப் பையனும் போகும்படி ஒன்று வேண்டும். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஓர் இரவு. பக்கத்து ஒன்றியத்தின் பள்ளியில், தன் வகுப்போடு.

விதிகள் கடுமையாக இருக்கட்டும். இருட்டும் முன் போய்ச் சேர வேண்டும். இருட்டியபின் சக்கரம் உருளக் கூடாது. ஆறு, அருவி, கடல், கிணறு பக்கமே போகக் கூடாது. பெண் பிள்ளைகள் படுக்கும் இடத்தில் ஆசிரியைகள் முறைவைத்து விழித்திருக்க வேண்டும். வெளி நிறுவனத்து ஆள் எவரும் இரவில் வளாகத்துக்குள் இருக்கக் கூடாது. கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் சரியாக இருக்கிறதா, மாதவிடாய் நாளில் வரும் பிள்ளைக்கு வேண்டியது இருக்கிறதா என்று முந்தைய வாரமே ஓர் ஆசிரியை நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவுக்கு ஒரு மாணவரின் தாய்தான் தலைவர். அந்த அம்மாவும் இன்னும் நான்கு அம்மாக்களும் கூட வந்து தங்கட்டும். எந்த முகாம் நிபுணரையும்விட அவர்கள் கண் கூர்மையானது. ஆசிரியர்களுக்கு ஈடுசெய் விடுப்பும் செலவுப் பணமும் தர வேண்டும். எங்கள் சார் மாதிரி கைக்காசு போடுகிறவர்களை நம்பி ஒரு திட்டத்தை நடத்துவது அரசுக்கு அழகில்லை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் குரங்கணியை நினைத்துப் பார்க்கலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்து அந்த மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இனி மலையேற்றமே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டு இருந்திருக்கலாம். அரசு அதே ஆண்டு ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வழிகாட்டிகளோடு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. பணம் கட்டி வரும் பெரியவர்களுக்கு மலையைத் திறந்துவிட முடிந்த அரசுக்கு, தன் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன் பள்ளிக் கட்டடத்தையே ஓர் இரவு திறந்துவிடுவது முடியாத காரியமில்லை. பள்ளிக் கல்வித் துறையின் ஓர் அரசாணை போதும்.

அந்தப் பெண்ணின் கடிதம் இன்னும் டிவி ஸ்டாண்டில் கிடக்கிறது. உடன் வரும் நான்கு ஆசிரியர்களின் பெயரும் கைபேசி எண்ணும் அதன் பின்பக்கத்தில் இருக்கின்றன. அவள் அப்பா இன்னும் ஒருவரிடமும் பேசவில்லை. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.